தொட்டிக்கு அடியில கிடந்த கவர்

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வெச்சிருக்கேன். ஷெட் சாவி ஆணியில தொங்குது. அக்கா வீட்டுக்குப் போறேன், சாயங்காலம் வந்துடுவேன்.

மத்தியானம் கோழி வியாபாரி வருவார். மருந்துக்குப் பதிலா ஈஸ்ட் கலந்த தீவனத்துலயே வளர்ந்த, ஆன்டிபயாடிக் படாத கோழின்னு சொல்லி ஏத்திவிட்டுடாதீங்க. காலையில தண்ணித் தொட்டியைக் கழுவப் போனேன். அடியில ஆன்டிபயாடிக் மருந்துக் கவர் கிழிஞ்சு கிடந்துச்சு. நடந்ததை நீங்களே அவர்கிட்ட சொல்லிடுங்க. மருந்து உடம்பை விட்டுப் போற வரைக்கும் கோழிங்க இங்கயே இருக்கட்டும்.

நோய் வந்து அதுங்க சுருண்டு சுருண்டு விழுந்தப்போ, என் முகம் வாடினதைப் பார்க்கச் சகிக்காமத்தான் தண்ணியில மருந்தைக் கலந்திருப்பீங்க. அது எனக்குத் தெரியாதா? ஆனா தேறினதும், ஈஸ்ட்தான் காப்பாத்துச்சுன்னு பார்க்கறவங்ககிட்டயெல்லாம் நான் தம்பட்டம் அடிச்சேனே. பக்கத்துலயே நின்னு தலையாட்டினீங்களே. அதுதான் மனசு ஆறல.

மறந்துட்டேன்: குழம்பை ஒரு தடவை சூடு பண்ணிக்கோங்க.

இன்னொண்ணு: நொண்டிக் கோழியைத் தூக்கிட்டு வந்து சமையல்கட்டுல கூடையில விட்டிருக்கேன். அதுக்குத் தண்ணி நானே வெச்சுட்டேன். நீங்க எதுவும் ஊத்த வேண்டாம்.