லைன் ரிப்பேர் இல்லை, அக்கா

என்னை நம்பியே கெட்டுப்போன என் அக்காவுக்கு,

நீ போய் நாலு வருஷம் ஆகிறது. போன வாரம் வீட்டுக்கு பிராட்பேண்ட் வந்துவிட்டது. இப்போதெல்லாம் இன்டர்நெட் ஓடும்போதே போனும் அடிக்கிறது. இந்த வசதி அன்றைக்கு எங்கே போய்த் தொலைந்திருந்தது?

அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு ஞாபகம் இருக்குமா? அச்சகத்துக்கு டைப் செய்து தரவேண்டிய புத்தகம் பாதியில் கிடந்தது. நான் பகல் முழுக்க சாட் ரூமில் கிடந்தேன். கீழ்பென்னாத்தூரிலிருந்து திருவண்ணாமலைக்கு என்னைப் பார்க்க வந்த உன்னிடம் நானேதான் கெஞ்சினேன்.

"அக்கா, நெட்டுக்கு நீயே ஒரு பாஸ்வேர்ட் போட்டுடு. நான் கால்ல விழுந்தாலும் சொல்லாத. வாரத்துக்கு ஒருவாட்டி நீ வரும்போது தொறந்துவுடு, போதும்."

என்னைச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்காரச் சொல்லிவிட்டு, ஒற்றை விரலால் எழுத்து எழுத்தாகத் தேடித் தட்டினாய். "முடிஞ்சிதுடா. இனிமே உன் ஆட்டம் செல்லாது" என்று சிரித்தாய். மூன்றாம் நாளே கண்டுபிடித்துவிட்டேன். என் பெயரைத்தான் போட்டிருந்தாய். வேறு என்ன போடுவாய் நீ?

உன்னிடம் அதைச் சொல்லவில்லை. நீ வரும் ஞாயிறுகளில், வாரமெல்லாம் பட்டினி கிடந்தவனைப் போல ஒரு மணி நேரம் நெட் பார்ப்பேன். "பரவால்லடா, திருந்திட்ட" என்பாய். நானும் கூசாமல் தலையாட்டுவேன்.

மாமா வேர்க்கடலை மூட்டைகளோடு மண்டிக்குப் போயிருந்த அன்று உனக்கு நெஞ்சு வலித்திருக்கிறது. பக்கத்து வீட்டு போனிலிருந்து எனக்கு அடித்திருக்கிறாய். எங்கேஜ்டு. திரும்பத் திரும்ப எங்கேஜ்டு. எப்படிக் கிடைக்கும்? நான் நெட்டில் இருந்தேன்; அப்போதெல்லாம் நெட் ஓடினால் போன் அடிக்காதே. முகம் தெரியாத எவனோடோ, பூரிக்குத் தொட்டுக்கொள்ளக் கிழங்கா குருமாவா என்று வாக்குவாதம் செய்துகொண்டிருந்தேன். நான்தான் ஜெயித்தேன், அக்கா.

பக்கத்து வீட்டம்மா உன்னிடம், "உங்க தம்பி கம்ப்யூட்டர்ல உக்காந்துனு இருப்பாருங்க" என்றார்களாம். நீ விட்டுக்கொடுக்கவில்லை. "இருக்காதும்மா, அவன் திருந்திட்டான். பாஸ்வேர்டு என்கிட்ட இருக்குது. லைன்தான் ரிப்பேர் ஆயிருக்கும். நான் பஸ்ஸுலயே ஆஸ்பத்திரிக்குப் போய்க்கிறேன்" என்று தனியாகக் கிளம்பியிருக்கிறாய். பஸ் திருவண்ணாமலைக்கு வந்தது. நீ உயிரோடு வரவில்லை.

அந்தம்மா இதைச் சொன்னபோது மாமாவும் பக்கத்தில் இருந்தார். நீ கடைசியாகச் சொன்ன வார்த்தை என்று அதை அப்படியே பிடித்துக்கொண்டார். காரியத்தன்று எங்கள் தெரு டெலிபோன் லைன்மேன் துக்கம் கேட்க வந்தார். மாமா அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "நீ ஒழுங்கா வேல செஞ்சிருந்தா என் பொண்டாட்டி உயிரோட இருந்திருப்பாடா!" அந்த மனுஷன் சாப்பிடாமலே போனார். நான் கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றிருந்தேன். வாயைத் திறக்கவில்லை. இன்றுவரை திறக்கவில்லை. இப்படி ஒரு பிறவி நான்.

பிராட்பேண்ட் இணைக்க வந்தவரும் அவர்தான். காபி கொடுத்தேன், வேண்டாம் என்றுவிட்டார். போகும்போது மட்டும், "அன்னிக்கு உங்க லைன் நல்லாத்தான் இருந்துச்சு சார். உங்க மாமாகிட்ட சொன்னா நம்ப மாட்டேன்றாரு" என்றார். என்னைச் சந்தேகப்படக்கூட இல்லை. ஊரில் எல்லோருக்கும் என்மேல் ஏன் இவ்வளவு நம்பிக்கை, அக்கா? நீ சொல்லி வைத்துவிட்டுப் போனாயா?

உன்னிடம் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நீ உடனே மன்னித்துவிடுவாய்; அதில் எனக்கு என்ன தண்டனை? வரும் ஞாயிற்றுக்கிழமை மாமாவை அந்த லைன்மேன் வீட்டுக்கு அழைத்துப் போகிறேன். அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். இது சத்தியம். மாமா கை ஓங்குவார். ஓங்கட்டும். சின்ன வயதில் அப்பா அடிக்க வரும்போதெல்லாம் செய்வாயே, அப்படிக் குறுக்கே வந்து நிற்காதே.

இப்படிக்கு,
நீ கடைசிவரை விட்டுக்கொடுக்காத தம்பி,
சேகர்