ஜெராக்ஸ் கடைக்குப் போன பதினோரு அழைப்புகள்

வீடு,
ஞாயிறு காலை

என் செல்ல மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் எல்லாரும் நல்ல சுகம், அங்கே நீ, மாப்பிள்ளை, நம் வீட்டு வக்கீல் மூவரும் சுகந்தானே என்று கேட்டுத்தான் தொடங்க வேண்டும், ஆனால் நீ சுகமாக இல்லை என்று எனக்குத் தெரியும், தெரிந்துகொண்டே எப்படிக் கேட்பது. புதன்கிழமை நீ போனில் அழுதது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. பள்ளிக்கூடத்தில் உன்னைக் கூப்பிட்டு, உங்கள் பையன் வகுப்பில் ஒரு பையனின் தடித்த கண்ணாடியைக் கிண்டல் செய்தே அவனைப் பள்ளிக்கு வர விடாமல் செய்துவிட்டான் என்று சொன்னார்களாம், நீ வீட்டுக்கு வந்ததும் கை நீட்டிவிட்டாயாம், எல்லாவற்றுக்கும் எதிர்வாதம் செய்கிற நம் வக்கீல் பேரன் இரண்டு நாளாக வாயே திறக்கவில்லையாம். "எனக்குப் புள்ள வளக்கத் தெரியலப்பா" என்று நீ சொன்னாய். நான் என்ன செய்தேன், ஒன்பது வயதுப் பையனிடம் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று மூச்சு விடாமல் பத்து நிமிடம் பேசினேன், நீ "சரிப்பா, வேலை இருக்கு" என்று வைத்துவிட்டாய். உன் அம்மா பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். "அவ அழுதுட்டிருக்கா, நீங்க மைக்கு புடிச்ச மாதிரி பேசுறீங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனவள் ராத்திரி வரை என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம். எழுத்தில் என்றால் நீ வேண்டும்போது படிக்கலாம், வேண்டாம் என்றால் மடித்து வைக்கலாம், அப்பா குறுக்கே பேச முடியாது.

உன் அம்மாவின் முழங்கால் பரவாயில்லை, மருத்துவமனையில் சொல்லிக் கொடுத்த பயிற்சியைச் செய்கிறாள், செய்யும்போது நான் பார்க்கக் கூடாது என்பது உத்தரவு. உன் அண்ணனுக்குப் பகல் ஷிப்டு கிடைத்துவிட்டது, இனி அவன் மனிதர்களோடு உட்கார்ந்து சாப்பிடுவதை நாம் பார்க்கலாம். குளியலறைக் குழாயை மூன்று பேர் வந்து சரி செய்துவிட்டார்கள், இன்னும் ஒழுகுகிறது. வீட்டுச் செய்தி அவ்வளவுதான். இப்போது போன மாதம் நடந்த ஒன்றைச் சொல்லப் போகிறேன். சொல்லக் கூடாது என்று யாரும் தடுக்கவில்லை, எனக்குத்தான் வெட்கம், சிட்டுவைப் பற்றி உன்னிடம் பெருமையடித்தே பழகிவிட்டேன் அல்லவா, உன் அண்ணன் மகள் தப்பே செய்யாத பிள்ளை என்று நீயும் நம்பிக்கொண்டிருப்பாய். எழுதட்டுமா என்று உன் அண்ணியைக் கேட்டேன். "தாராளமா எழுதுங்க மாமா, நான் பண்ண தப்பையும் சேத்து எழுதுங்க" என்றாள்.

நம் கட்டடத்தின் கீழே, தையல்காரர் கடைக்கு அடுத்தாற்போல் ஒரு ஜெராக்ஸ் கடை வந்திருக்கிறது, நீ போன பிறகு வந்தது. ஒரே ஆள், நாற்பது வயதிருக்கும், சட்டைப் பையில் எப்போதும் இரண்டு பேனா. வேலையில் சுத்தம், ஒரு தாள் கோணலாகப் போனாலும் கிழித்துவிட்டு மறுபடி எடுத்துக் கொடுப்பார். அவருக்குத் திக்குவாய். ஒரு வார்த்தை வருவதற்குள் முகமெல்லாம் இழுக்கும், போனில் பேசுவது அதைவிடச் சிரமம். அவர் திக்கியதை நான் இங்கே எழுத்தில் எழுதிக் காட்டப் போவதில்லை, அவர் சொன்னதை மட்டும் சொல்கிறேன். உன் அண்ணி லேபிலிருந்து வந்ததும் நேராகக் குளிக்கப் போவாள், நாள் முழுக்க ஊரார் ரத்தத்தை எடுத்துவிட்டு வருகிறவள், குளிக்காமல் எதையும் தொட மாட்டாள். அந்த இருபது நிமிடம் அவள் போன் கூடத்து மேசையில் இருக்கும். சிட்டுவும் மாடி வீடுகளில் இருக்கிற சிறுமிகள் இருவரும் அந்தப் போனை எடுத்து ஜெராக்ஸ் கடைக்கு அடித்திருக்கிறார்கள். அவர் எடுத்து "ஹலோ" சொல்லத் திணறுவார், இவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்பார்கள், பிறகு குபீரென்று சிரித்து வைத்துவிடுவார்கள். நான் எங்கே இருந்தேன் என்று கேள். அடுத்த அறையில் செய்தி பார்த்துக்கொண்டிருந்தேன். பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டு, வீடு கலகலப்பாக இருக்கிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தேன்.

உன் அண்ணிதான் கண்டுபிடித்தாள். எதற்கோ போனைப் பார்த்தவள் ஐந்து நாளில் பதினோரு அழைப்பு அந்தக் கடைக்குப் போயிருப்பதையும் கடைசி இரண்டையும் அவர் எடுக்கவில்லை என்பதையும் பார்த்துவிட்டாள். சிட்டுவைக் கூப்பிட்டுக் கேட்டாள், அது ஒளிக்காமல் சொல்லிவிட்டது. நான், "எட்டு வயசுப் புள்ளம்மா, ஏதோ விளையாட்டுக்கு" என்று இழுத்தேன். "விளையாட்டுன்னா ரெண்டு பேரும் சிரிக்கணும் மாமா" என்று சொல்லிவிட்டு, பிள்ளையின் கையைப் பிடித்துத் தரதரவென்று கீழே இழுத்துக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே இறங்கினேன். கடையில் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். அத்தனை பேர் முன்னால் சிட்டு தலையைக் குனிந்துகொண்டு, "சாரி அங்கிள், நாங்கதான் போன் பண்ணி சிரிச்சோம்" என்றது. கடைக்காரர் முகம் வெளுத்துவிட்டது. பரவாயில்லை என்கிற ஒரு வார்த்தையைச் சொல்ல அந்த மனிதர் பட்ட பாட்டை எல்லாரும் பார்த்தார்கள், ஒருவர் தன் செல்போனுக்குள் முகத்தை ஒளித்துக்கொண்டார். சொல்லி முடித்ததும் அவர் எங்கள் பக்கம் திரும்பவே இல்லை, இயந்திரத்தில் தாள் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே நின்றார். நான், விஷயம் முடிந்தது, பிள்ளை மன்னிப்புக் கேட்டாயிற்று என்று நினைத்தேன். உன் அண்ணி வீட்டுக்கு வந்து சமையலறையில் அப்படியே நின்றாள். "தப்புப் பண்ணிட்டேன் மாமா. இவ மன்னிப்பு கேக்கணுங்கிற அவசரத்துல, அவரை இன்னொரு தடவ எல்லார் முன்னாடியும் பேச வெச்சுட்டேன். இவளாவது போன்ல பண்ணா, நான் நேர்லயே பண்ணிட்டேன்" என்றாள். கண்ணு, உண்மையைச் சொல்கிறேன், அறுபத்தெட்டு வயதில் எனக்கு அது தோன்றவில்லை. பிள்ளையைத் திருத்துகிற வேகத்தில் எதிரே நிற்கிற மனிதரை மறந்துவிடுகிறோம் என்பதை அந்தப் பெண் ஐந்தே நிமிடத்தில் பார்த்துவிட்டாள்.

மறுநாள் கடை மூடுகிற நேரம் பார்த்து அவள் மட்டும் தனியாகப் போனாள். போனவள் முக்கால் மணி நேரம் வரவில்லை. கடைக்காரர் அவளிடம் சொன்னது இதுதான். அவள் நம்பர் அவர் போனில் முதல் நாளிலிருந்தே பெயரோடு இருக்கிறது, பிரிண்ட் எடுக்க அவள்தான் அடிக்கடி அனுப்புவாளே. முதல் அழைப்பு வந்தபோது அவள்தான் என்று நினைத்து நல்லபடியாகப் பேசிவிட வேண்டும் என்று முயற்சி செய்தாராம். சிரிப்புக் கேட்ட பிறகு பிள்ளைகள் என்று புரிந்துவிட்டது. "அப்புறமும் ஏன் எடுத்தீங்க" என்று இவள் கேட்டிருக்கிறாள். "நெஜமாவே நீங்களா இருந்தா?" என்றாராம். அவளிடம் வந்து சொல்லாமல் இருந்ததற்குக் காரணம், சொன்னால் பிள்ளைக்கு அடி விழும் என்கிற பயம். ஐந்தாம் நாள் மனசு தாங்காமல், பிள்ளைகளின் அழைப்பு வருகிற அந்த ஒரு மணி நேரம் மட்டும் போனைச் சத்தம் வராமல் வைத்து மேசை இழுப்பறைக்குள் போட்டுவிட்டார். அந்த ஒரு மணி நேரத்தில்தான் மருத்துவமனையிலிருந்து ஆறு தடவை கூப்பிட்டிருக்கிறார்கள். அவருடைய அக்கா அங்கே படுத்திருந்தார், மறுநாள் காலை என்று வைத்திருந்த அறுவை சிகிச்சையை, நிலைமை மோசமானதால் அன்று மாலையே செய்ய வேண்டியதாகிவிட்டது. தாயில்லாத தம்பியை வளர்த்து ஆளாக்கியவர் அந்த அக்கா. உலகத்திலேயே அவரிடம் பேசும்போது மட்டும் இவருக்குத் திக்காதாம். உள்ளே கொண்டு போகும்வரை, "என் தம்பி வந்துட்டானா" என்று கேட்டுக்கொண்டே போயிருக்கிறார். இவர் போனைப் பார்த்துவிட்டு ஓடியபோது கதவு சாத்தியிருந்தது. அக்கா இன்னும் தீவிர சிகிச்சையில்தான் இருக்கிறார், கண்ணாடி வழியாகப் பார்க்க மட்டும் விடுகிறார்கள் என்று சொன்னாராம்.

உன் அண்ணி மேலே வந்து சிட்டுவைப் பக்கத்தில் உட்காரவைத்து இதையெல்லாம் அப்படியே சொன்னாள். கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை, குரலை உயர்த்தவும் இல்லை. அவள் லேபில் ரத்தம் எடுக்கப் பிள்ளைகளுக்கு ஊசி குத்தும்போதுகூட எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும் என்று பொய் சொல்ல மாட்டாள், வலிக்கும், பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும் என்று உள்ளதைச் சொல்வாளாம், அதனாலேயே பிள்ளைகள் அவளிடம்தான் கை நீட்டுமாம். அதே குரல்தான். சிட்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அந்த அக்கா செத்துடுவாங்களாம்மா" என்றது. அதெல்லாம் ஒன்றும் ஆகாது ராஜாத்தி என்று சொல்ல நான் வாயெடுத்தேன். உன் அண்ணி என்னை ஒரு பார்வை பார்த்தாள், வாயை மூடிக்கொண்டேன். "தெரியலடா. டாக்டருங்க பாத்துட்டிருக்காங்க" என்றாள். "என்னாலயா?" "அவங்களுக்கு உடம்பு முடியாமப் போனது உன்னால இல்ல. தம்பியப் பாக்காம உள்ள போனாங்களே, அதுல உனக்குப் பங்கு இருக்கு." சொல்லிவிட்டு மடியில் படுக்க வைத்துக்கொண்டாள். பிள்ளை அழுதது, இவள் தடுக்கவில்லை, முதுகைத் தடவிக்கொண்டே இருந்தாள். மாடியில் அந்த இரண்டு வீடுகளுக்கும் போய்ச் சொன்னாள், ஒரு தாய் வருத்தப்பட்டாள், இன்னொரு தாய் "இதப் போயி பெருசு பண்றீங்களே" என்று கதவைச் சாத்திவிட்டாள். போகட்டும், எல்லாக் கதவையும் நாம் திறக்க முடியுமா.

நான்கு நாள் சிட்டு சரியாகச் சாப்பிடவில்லை. உன் அம்மா பொறுக்க மாட்டாமல், "பச்சப் புள்ளய இப்பிடி வாட்டுறாளே" என்று என்னிடம் முணுமுணுத்தாள், எனக்கும் அப்படித்தான் இருந்தது. ஆனால் உன் அண்ணி அந்த நான்கு நாளும் பிள்ளையைத் தனியாக விடவில்லை, பேச்சை மறுபடி எடுக்கவும் இல்லை, வழக்கம்போலத் தலை வாரினாள், வீட்டுப்பாடம் பார்த்தாள், ராத்திரி பக்கத்தில் படுத்துக்கொண்டாள். ஐந்தாம் நாள் தையல்காரர் சேதி சொன்னார், அக்கா கண் விழித்துவிட்டார், வார்டுக்கு மாற்றிவிட்டார்கள் என்று. சிட்டு ஓடிப்போய் அம்மாவிடம், கடைக்குப் போகட்டுமா என்று கேட்டது. "போயி என்ன சொல்லட்டும்" என்றும் கேட்டது. "உனக்கு என்ன சொல்லணும்னு இருக்கோ அதச் சொல்லு. ஒண்ணும் தோணலன்னா அவரு சொல்றதக் கேட்டுட்டு வா. யாரும் இல்லாத நேரமாப் பாத்துப் போ" என்றாள். துணைக்கு என்னை அனுப்பினாள்.

மதியம் போனோம். கடையில் அவர் மட்டும்தான். எங்களைப் பார்த்ததும் கொஞ்சம் பதறினார். சிட்டு மேசையைப் பிடித்துக்கொண்டு, "உங்க அக்கா கண்ணு முழிச்சதும் என்ன சொன்னாங்க?" என்று கேட்டது. அவ்வளவுதான் கேட்டது. அவர் ஆரம்பித்தார். முதல் வார்த்தை வரவில்லை. கழுத்து நரம்பு புடைத்தது, கண் மூடிக்கொண்டது. முப்பத்திரண்டு வருடம் பேருந்து நிலையத்தில் டைம் கீப்பர் வேலை பார்த்தவன் நான், வண்டி இரண்டு நிமிடம் நின்றாலே விசில் ஊதிப் பழகியவன், என்னால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை, உதவி செய்கிறோம் என்று நினைத்துக்கொண்டு, "வலி இல்லன்னு சொன்னாங்களா?" என்றேன். அவர் இல்லை என்று தலையசைத்துவிட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். நான் மறுபடி, "பசிக்குதுன்னு..." என்று வாய் திறந்தேன். சிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தது. "தாத்தா, சும்மா இருங்க. அவரு சொல்லிட்டிருக்காரு" என்றது. என் பக்கம் திரும்பக்கூட இல்லை கண்ணு, பார்வையெல்லாம் அவர் முகத்தில்தான். சிட்டுவின் முகத்தில் சிரிப்பும் இல்லை, ஐயோ பாவம் என்பதும் இல்லை. கதை கேட்கிற பிள்ளை எப்படி நிற்கும், அப்படி நின்றது. அவர் அதைப் பார்த்தார். பிறகு அவசரப்படாமல், ஒவ்வொரு வார்த்தையாக, எவ்வளவு நேரம் ஆனது என்று எனக்குத் தெரியாது, சொல்லி முடித்தார். "ஏண்டா தாடி வளத்துருக்க, நான் போயிட்டேன்னு நெனச்சியா" என்று அக்கா கேட்டாராம். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். சிட்டுவும் சிரித்தது. ஒரே நேரத்தில் இருவரும் சிரித்தார்கள். பிறகுதான் அது மெதுவாக, "நான் இனிமே பண்ண மாட்டேன்" என்றது. அவர் தலையை ஆட்டினார், போதாதா. நான்தான் மூக்கை உறிஞ்சினேன், தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

மகளே, பேத்தியைப் பற்றிப் பெருமையடிக்க இதை எழுதவில்லை, இன்னும் அது நகம் கடிக்கிறது, கணக்கில் ஏமாற்றுகிறது. எட்டு வயதுப் பிள்ளை தப்புச் செய்தது, அதன் தாயும் முதலில் கோபத்தில் ஒரு தப்புச் செய்தாள், அதை ஒத்துக்கொண்டாள், பிறகு பொறுத்தாள். நான் பார்த்தது அதைத்தான். நீயும் அவளைப் போன்றவள்தான், இல்லையென்றால் அப்படி அழுதிருக்க மாட்டாய், பிள்ளை வளர்க்கத் தெரியாதவளுக்கு அந்த அழுகை வராது. வக்கீலை உடனே அந்தப் பையன் வீட்டு வாசலில் கொண்டுபோய் நிறுத்தாதே. அடித்ததற்கு நீ அவனிடம் வருத்தம் சொல்லு, அதில் கௌரவம் பார்க்காதே. பிறகு என்ன நடந்தது என்று கேள், கேட்டுவிட்டுச் சும்மா இரு. அவன் வாதாடினாலும், பொய் சொன்னாலும், நடுவில் நிறுத்தினாலும், நீ வார்த்தை எடுத்துக் கொடுக்காதே, முழுக்கச் சொல்லட்டும். அந்தக் கண்ணாடிப் பையன் இப்போது என்ன செய்துகொண்டிருப்பான் என்று மட்டும் ஒருநாள் கேட்டுப் பார், பதில் எதிர்பார்க்காதே. வேறு உபதேசம் இல்லை, இதுவே அதிகம் என்று உன் அம்மா எட்டிப் பார்த்துச் சொல்கிறாள்.

நீ பேசி முடிக்குமுன்னே நான் பேச ஆரம்பித்தேனே, அதற்காக இந்த அப்பாவும் உன்னிடம் வருத்தம் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டேன். புதன்கிழமை நீ சொல்ல வந்தது பாதியில் நிற்கிறது. கடிதம் கிடைத்ததும் வருகிற ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் போன் செய், மிச்சத்தைச் சொல். எவ்வளவு நேரமானாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

நீயும் மாப்பிள்ளையும் பேரனும் நோய்நொடி இல்லாமல், மனசில் பாரம் இல்லாமல், நாலு பேருக்கு நல்லவர்களாக நீடூழி வாழ வேண்டும். குளிருக்குக் காதை மூடிக்கொண்டு வெளியே போ, வைட்டமின் மாத்திரையை மறக்காதே, மறக்கிறாய் என்று மாப்பிள்ளை சொல்லிவிட்டார். சிட்டு அத்தைக்கு ஒரு முத்தம் தரச் சொன்னது, வக்கீலுக்கு இரண்டு.

உன் மீது உயிரையே வைத்திருக்கும்,
அப்பா