ஓகூஸில் ஒரு கோப்பை ராமென்

இஞ்சேரும் வசந்தி,

உம்முடைய ஆண்டுத் திவசத்துக்கு ஒரு சின்ன நினைவு மலர் அடிக்கிறோம். எல்லோரும் உம்மைப் பற்றி எழுதித் தருகிறார்கள். நான் உமக்கே எழுதுகிறேன். சொல்ல ஒரு வீட்டுப் புதினம் இருக்கிறது.

போன மாதம் மதுரா ஓகூஸ் நகரத்திலிருந்து போன் எடுத்தாள். "அப்பா, சனிக்கிழமை ஓகூசுக்கு வாறீங்களோ? இஞ்ச ஒரு யப்பான் சாப்பாட்டுக் கடை இருக்கு. ராமென் எண்டு, சூப்புக்குள்ள நூடில்ஸ். முக்கியமான விசயம் ஒண்டு கதைக்கவேணும்."

கலியாண வயதில் இருக்கிற மகளுக்கு முக்கியமான விசயம் வேறென்ன? நீரும் அப்படித்தானே நினைத்திருப்பீர்? நீர் வாங்கித் தந்த சாம்பல் நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு ஹொல்ஸ்டெப்ரோவில் ரெயின் ஏறினேன். விபோர்க் தாண்டியும் அதே யோசனை. எங்கட பெடியனோ, டெனிஷ்காரனோ, யப்பான்காரனோ?

கடை வாசலில் அன்னதானத்துக்கு நிற்பதுபோல வரிசை. காற்று குடைகளைத் திருப்புகிறது, ஒருவரும் அசையவில்லை. முன்னால் நின்ற டெனிஷ் பெட்டையிடம், இந்தச் சூப்பில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டேன். "ஒருதரம் குடிச்சுப் பாருங்கோ, பிறகு நீங்களும் வந்து நிப்பீங்கள்" என்ற மாதிரிச் சொல்லிச் சிரித்தாள்.

உள்ளே மதுராவைக் காணவில்லை. செம்பட்டைத் தாடிக்காரன் ஒருவன் வந்து, சமைக்கிற இடத்துக்கு முன்னால் இருந்த நீளப் பலகை மேசையடியில் என்னை இருத்தினான். என் பெயர் அவனுக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. இவன்தானோ? அவன் தண்ணீர் ஊற்றும்போது விரலில் மோதிரம் இருக்கிறதா என்றுகூடப் பார்த்தேன். நீர் பக்கத்தில் இருந்திருந்தால் காலில் மிதித்திருப்பீர்.

பலகைக்கு அந்தப் பக்கம் ஒரே புகை. அதற்குள்ளிருந்து ஒரு கை கோப்பையை என் முன்னால் வைத்தது. நிமிர்ந்து பார்க்கிறேன், தலையில் துணி கட்டி, கறுப்பு ஏப்ரன் போட்டுக்கொண்டு எங்கள் மதுரா.

"நீ என்ன பிள்ளை இதுக்குள்ள?"

"முதல் சாப்பிடுங்கோ அப்பா. நூடில்ஸ் ஊறிப்போகும்."

கோழிச் சூப்பு. மேலே பாதி முட்டை, மஞ்சள் கரு இறுகாமல் தேன் போல. சாப்பிடத் தந்த தடி இரண்டோடும் கொஞ்சம் போராடிவிட்டுக் கரண்டி வாங்கிக்கொண்டேன். இஞ்சி வாசம் வந்தது, ஆனால் எங்கள் ரசம் இல்லை. உப்பு இருந்தது, வெறும் உப்பில்லை. என்னவென்று பிடிபடாமலே கோப்பையை முடித்துவிட்டேன். நீர் போன பிறகு மிச்சம் வைக்காமல் நான் சாப்பிட்ட முதல் சாப்பாடு அது.

அதற்குப் பிறகுதான் சொன்னாள். அப்போத்தேக்கில், அந்த மருந்துக்கடையில், பார்த்த வேலையை விட்டுவிட்டாளாம். மருந்துப் படிப்பு, வெள்ளைக் கோட்டு எல்லாவற்றையும். இப்போது இதுதான் வேலை. தாடிக்காரன் கூட வேலை செய்கிறவன், அவ்வளவுதான்.

எனக்குக் காது சுட்டது. "நான் அவ்வளவு காலமும் தொழிற்சாலையில பண்டி வெட்டினது என்னத்துக்குத் தெரியுமோ? நீ உந்தச் சூட்டிலயும் ஈரத்திலயும் நிக்கக்கூடாதெண்டுதான்."

அவள் என் வெறும் கோப்பையை எடுத்து வைத்தாள். பின்னால் பெரிய பானை ஒன்று கொதித்தபடி இருந்தது. அதைக் காட்டி, அதற்குள் என்ன என்று கேட்டேன்.

"பண்டி எலும்பு."

இறைச்சித் தொழிற்சாலையில் என் கண்முன்னால் எத்தனை எலும்பு பெல்ட்டில் ஓடிப் போயிருக்கும், வசந்தி! அது எங்கே போகிறது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பண்டி எங்கள் வீட்டு அடுப்பில் ஏறியதுமில்லை. இப்போது திடீரென்று அறிய ஆசை வந்தது. "கொஞ்சம் தா, பாப்பம்" என்றேன்.

சின்னக் கிண்ணத்தில் ஊற்றித் தந்தாள். பால் போல வெள்ளை. மாவு ஏதும் கரைத்ததோ என்று கேட்டேன்.

"இல்லை அப்பா. அடுப்பைக் குறைக்காமல் கொதிக்க விடவேணும். எலும்புக்குள்ள இருக்கிறது கரைஞ்சு வரும். அதுக்குத் தமிழில என்ன?"

"மச்சை."

"ஓம், மச்சை. அதும் கொழுப்பும் தண்ணியோட சேந்துதான் இந்த வெள்ளை."

சின்ன வயதில் தமிழில் கேட்டால் டெனிஷில் பதில் சொன்ன பிள்ளை, எனக்கு விளங்கவேண்டும் என்று சொல் தேடித் தேடிக் கதைக்கிறாள். அப்போத்தேக்கைப் பற்றி அவள் இப்படிக் கதைத்து நான் கேட்டதேயில்லை. சூப்பு கனமாக இருந்தது, மணம் எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

கிளம்பும்போது, "அம்மாவுக்கு இது தெரியும்" என்றாள். நீர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது உம்மிடம் சொன்னாளாம், இப்படி ஒரு எண்ணம் இருக்கிறதென்று.

"அம்மா என்ன சொன்னவ?"

"முதல் கொப்பருக்குச் சாப்பாட்டைக் குடு, பிறகு சொல்லு. பசியில அந்த மனுசனோட கதைக்கேலாது எண்டவ."

கடைக்குள் நின்று சிரித்தேன். வெளியே வந்த பிறகுதான் கண் கலங்கியது. எனக்கு ஏன் ஒரு சொல் சொல்லவில்லை, வசந்தி? கோபிப்பேன் என்று பயந்தீரோ, அவளே சொல்லட்டும் என்று விட்டீரோ? அந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு இன்னும் என்னென்ன கதைத்தீர்கள் இரண்டு பேரும்?

வரிசை அப்போதும் குறையவில்லை. கடைசியில் நின்ற ஒருவர், சாப்பாடு எப்படி என்று டெனிஷில் கேட்டார். "என்ர மகள்தான் சமைக்கிறாள்" என்றேன். அவர் கேட்டது அதையல்ல.

என் மனம் முழுதாக ஆறவில்லை, உமக்கு ஒளிப்பானேன். ஆனால் "மகள் இப்ப என்ன செய்யிறா?" என்று கோயிலில் கேட்கிற சனத்துக்கு மழுப்பிக்கொண்டு திரிய எனக்கு விருப்பமில்லை. அதனால்தான் இதை மலரில் போடுகிறேன். மதுராவிடம் கேட்டுத்தான் போடுகிறேன். எல்லோரும் வாசிக்கட்டும்.

உமக்கு ஒரு வாக்குத் தருகிறேன். எப்போது பழைய வேலைக்குத் திரும்புவாய் என்று அவளிடம் கேட்கமாட்டேன். இன்றைக்கு என்ன சமைத்தாய், எப்படிச் சமைத்தாய் என்று கேட்பேன். அவள் சொல்லி முடிக்கும்வரை கேட்டுக்கொண்டும் இருப்பேன்.

உம்மிடம் கேட்க இன்னும் நிறைய மிச்சமிருக்கிற,
உம்முடைய மனுசன்,
மதுராவின் அப்பா