கொட்டகை இடைவேளையும் என் ராகியும்

தை 9, புதன்
பனி விலகவில்லை. ராகிக்குத் தண்ணீர் கட்டவேண்டும்.

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டிருந்தாயிற்று. இந்த நோட்டிலாவது எழுதிவைக்கிறேன்: இந்த வருஷம் என் பயிர் பிழைத்தது டெண்டு சினிமாக் கொட்டகையால்.

கொட்டகைக்காரன் முத்துசாமி, என் சித்தப்பா மகன். பாகம் பிரித்தபோது கிணற்றில் என் பங்கை விழுங்கியவன். பேச்சுவார்த்தை இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னை வாத்தியார் வேலையை விட்டு நீக்கியபோது அனுதாபம் சொல்லக்கூட வராதவன். என் வேலிக்கு அடுத்து, என்னைக் கேட்காமலே கொட்டகை போட்டான். இடைவேளை விட்டால் அத்தனை ஆண்களும் என் வேலியோரம்தான் ஒன்றுக்கு ஒதுங்குவார்கள். நாற்றம் தாங்காமல் தினமும் திட்டினேன்.

பிறகுதான் பார்த்தேன். வேலியை ஒட்டிய ராகி கருகியிருந்தது. ஒரு முழம் தள்ளி, வேறெங்கும் இல்லாத பச்சை. யுத்தம் வந்ததிலிருந்து உரத்துக்குக் கடலைப் புண்ணாக்கைக் கண்ணால் பார்க்கவில்லை. இந்த உரம் தானாக வந்தது.

தை 10, வியாழன்
செய்முறை, ஞாபகத்துக்கு. வேலிக்கு இந்தப் பக்கம், என் நிலத்தில், ஆழமில்லாத வாய்க்கால். போகவர வேலியில் ஒரு திட்டிவாசல். வாய்க்காலில் காய்ந்த புழுதி மண். ஆட்டம் முடிந்ததும் மேலே புது மண். நன்றாக ஊறியபின் அள்ளிப் பயிருக்கு. நேராக ஊற்றினால் கருகும்.

மாட்டுக் கொட்டிலில் இங்கே எல்லோரும் செய்வது இதைத்தான். மனிதனுடையது என்றால் மூக்கைப் பிடிக்கிறார்கள். மண் போட்டதிலிருந்து நாற்றமும் இல்லை.

சாயங்காலம் அள்ளும்போது ரோட்டில், சோடாவோடு கொட்டகைக்குப் போகிற இருவர். ஒருவன் மற்றவனிடம்: “இன்னொரு சோடா குடிடா. எப்படியும் வாத்தியாரு காட்டுக்குத்தான் போவுது.” முன்பென்றால் சண்டைக்குப் போயிருப்பேன். இன்று, குடிக்கட்டும் என்றிருந்தது.

தை 12, சனி
வெயில். மணியக்காரர் வந்தார். கொட்டகை லைசென்ஸ் புதுப்பிக்கும் சமயம். நாற்றம் என்று அவரும் ஊரில் சிலரும் தாசில்தாருக்கு மனு கொடுத்து நிறுத்தப்போகிறார்களாம். அவர் வீட்டாருக்கு ஓசி டிக்கெட் தர முத்துசாமி மறுத்ததுதான் காரணம் என்று கேள்வி. மனுவை நான் இங்கிலீஷில் எழுதித் தரவேண்டுமாம்.

“உங்களுக்கில்லாத கோவமாங்க எங்களுக்கு?” என்றார்.

இப்போது நாற்றம் வருகிறதா என்று கேட்டேன்.

“இல்லீங்க. அதை எழுத வேண்டாமுங்க.”

யோசித்துச் சொல்வதாக அனுப்பினேன். நிஜமாகவே யோசித்தேன். முத்துசாமி தலைகுனிவதைப் பார்க்க எவ்வளவோ நாளாக ஆசை. கொட்டகை போனால் உரமும் போகும். ராகி இன்னும் கதிர் வாங்கவில்லை.

தை 13, ஞாயிறு
தலைவலி. சுக்குக் காப்பி. என் சம்சாரம் செல்லம்மாள் நேற்று முதலாட்டம் பார்க்கப் போனாள், எனக்குச் சொல்லாமல். இன்று சோறு போடும்போது சொன்னாள். இடைவேளை விட்டதும் முத்துசாமியே வாசலில் நின்றானாம். “வேலியோரம் ஆரும் போவாதீங்க சாமி, பயிரு கருகுது. வாய்க்காலுக்குப் போங்க. அது எங்கண்ணன் காடு.” தினமும் சொல்கிறானாம்.

எங்கண்ணன்.

“ஏனுங்க, அந்த மனுவை நீங்களா எழுதப்போறீங்க?” என்றாள். சாயங்காலம் போய் ராகியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கிணற்றை நான் மறக்கவில்லை. ஆனாலும் கை தானாகக் குவிந்தது. சோடா குடிக்கும் முகம் தெரியாதவர்களுக்கு. அவனுக்கும் கொஞ்சம்.

தை 14, திங்கள்
மேகமூட்டம். உப்பு வாங்கவேண்டும். தாசில்தாருக்கு எழுதி முடித்தேன். மணியக்காரர் கேட்டதை அல்ல. வாய்க்கால், புழுதி மண், நாற்றம் அடங்கியது, நேரில் வந்து பார்க்கலாம், எல்லா ஊர்க் கொட்டகைகளிலும் செய்யலாம், லைசென்ஸை நிறுத்தவேண்டாம். மொட்டைக் கடுதாசியில் ஒருவனுக்கு நல்லது எழுதுகிறவன் இந்த ஜில்லாவில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

பெயர் போட்டால் மதிப்பு அதிகம். போட்டால் அவனுக்குத் தெரிந்துவிடும். நன்றி சொல்ல வீட்டுக்கு வருவான். வந்தவனை உட்காரச் சொல்லவேண்டும். செல்லம்மாள் இலை போட்டுவிடுவாள். அதற்கு நான் இன்னும் தயாரில்லை.

கையெழுத்தில்லாமலே தபாலில் போடுகிறேன்.