தேத்தண்ணி சாப்பாட்டில் சேருமா?

என் அன்பு அப்பா,

உங்கள் மகளுக்கு வேலை கிடைத்துவிட்டது. ராகலைப் பக்கம் அரசாங்கக் கிளினிக்கில். நான் டாக்டரும் இல்லை, நர்ஸும் இல்லை, இணைப்பாளர் என்கிறார்கள். யார் கிளினிக் வராமல் நின்றுவிட்டார்கள், ஏன் என்று தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வீடுகளுக்கு, லயம் லயமாகப் போய் விசாரிப்பேன். டாக்டர் சிங்களத்தில் சொல்வதைத் தமிழில் சொல்வேன். லயத்தில் எனக்குப் பெயர் ‘கிளினிக் புள்ள’. நாய்கள்கூட இப்போது என்னைப் பார்த்துக் குரைப்பதில்லை.

உங்கள் கூட்டாளி முனியாண்டி மாமாதான் போன மாதம் என்னைக் கலங்கடித்துவிட்டார். அவருக்கு இரத்தத்தில் சீனி குறையவே இல்லை. இன்னொரு தடவை இரத்தம் சோதித்துவிட்டு இன்சுலின் ஊசி தொடங்கலாம் என்றார் டாக்டர்.

“ஊசின்னா நான் அந்தப் பக்கமே வரமாட்டேன் தாயி. ஒங்கப்பன் மாதிரி வீட்டுலயே கெடந்து போயிர்றேன்” என்றார் மாமா.

எனக்குக் கோபமும் பயமும் சேர்ந்து வந்தன. நீங்களும் ஊசி என்றதும்தானே கிளினிக் போவதை நிறுத்தினீர்கள்? ஏன் வரவில்லை என்று கேட்க ஒரு ஆளாவது வந்தாரா?

சோதனை நாளன்று விடியற்காலையில் அவரைக் கூட்டிப்போக நானே போனேன். மனிதர் வாசலில் நின்று தேத்தண்ணியை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். அடியில் சீனி கரையாமல் கிடந்தது.

“மாமா! வெறும் வயித்துல வரணும்னு சொன்னேனே!”

“வெறும் வயிறுதான் புள்ள. சோறு திங்கல, ரொட்டி திங்கல.”

“அப்ப இது என்ன?”

“இது தேத்தண்ணி. இதெல்லாம் சாப்பாட்டுல சேருமா? நீயும் ஒரு வாய் குடி, குளுருது.”

“ஒவ்வொரு தடவையும் குடிச்சிட்டுத்தான் போனீங்களா?”

“பின்ன? தேத்தண்ணி குடிக்காம எவன் வெளிய எறங்குவான்?”

சிரித்துவிட்டேன். அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. ஊர் உலகமெல்லாம் குடிக்க நாம் கொழுந்து பறிக்கிறோம்; நாம் காலையில் என்ன குடிக்கிறோம் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. ‘வெறும் வயிறு’ என்று சொல்லிவிட்டால் போதுமாம். நானும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா, நீங்களும் குடித்துவிட்டுத்தானே போயிருப்பீர்கள்?

டாக்டரிடம் விஷயத்தைச் சொல்லி அன்றைய சோதனையைத் தள்ளிவைத்தோம். அடுத்த வாரம் மாமாவின் தேத்தண்ணியைப் பிளாஸ்க்கில் ஊற்றி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். பஸ் போய்ச் சேரும்வரை திட்டு. “ஆத்தாடி, போலீஸ்காரிகூட இப்படிப் புடுங்கமாட்டா!” இரத்தம் எடுத்த பிறகுதான் பிளாஸ்க்கைக் கையில் கொடுத்தேன்.

முடிவைப் பார்த்த டாக்டர், ஊசி இப்போதைக்கு வேண்டாம் என்றார். இனித் தேத்தண்ணிக்குச் சீனியே கூடாது என்று அவர் சொன்னதை நான் தமிழில் சொன்னபோதுதான் மாமாவின் முகம் தொங்கிப்போனது. இப்போது வரிசையில் வரும் ஒவ்வொருவரையும் டாக்டரே தனக்குத் தெரிந்த தமிழில் கேட்கிறார்: “தேத்தண்ணி குடிச்சதா?” வரிசையே சிரிக்கிறது. பாதிப் பேர் தலையைச் சொறிகிறார்கள்.

அப்பா, உங்கள் வாசலில் அன்று ஒருவர் வந்து நின்றிருக்க வேண்டும். இனி இங்கே யார் கிளினிக் வராமல் நின்றாலும் அவர் வாசலில் நான் நிற்பேன். திட்டினாலும் நிற்பேன்.

மாமாவின் பிளாஸ்க்கை இன்னும் திருப்பிக் கொடுக்காத,
உங்கள் கடைக்குட்டி
சுமதி