முதலாம் ட்ரம்பெட்டின் பாகம்

பேசாலை
21.01.2025

அன்புத் தங்கச்சி மதுஷிகாவுக்கு,

அண்ணன் றொசாந்தன் எழுதுவது. மாதாவின் புண்ணியத்தில் நலம். மட்டக்களப்புப் பள்ளிக்கூடமும் சங்கீத வகுப்புமாக நீ எங்களை மறந்துவிட்டாய் என்று உன் அண்ணி எடித்துக்குக் குறை.

நீ எழுதி அனுப்பிய சிலுவைப்பாதைப் பாட்டு எங்கள் வாத்தியக் குழுவின் நாலு பேருக்கும் பிடித்துவிட்டது. இரண்டு ட்ரம்பெட், ஒரு ட்ரொம்போன், ஒரு யூபோனியம்தான். ஆனால் கோயில் நிறைய ஆட்கள் பாடுவதுபோல் கேட்கிறது.

ஒரு உதவி. போன முறை இறக்கித் தந்த மெட்டை இன்னும் ஒரு சுரம் இறக்கித் தா. நாலு வரிக்கு ஒருமுறை முதலாம் ட்ரம்பெட்டுக்கு ஓய்வு விடு. அந்த நேரம் இன்பாஸின் ட்ரொம்போன் மெட்டை எடுக்கட்டும். என்னோடு ட்ரம்பெட் ஊதும் செபமாலைக்கு மேல் சுரங்கள் சிரமமாக இருக்கிறதாம். போனில் இதெல்லாம் விளங்காது, எழுதி அனுப்பு.

அன்புள்ள
அண்ணன்


மட்டக்களப்பு
30.01.2025

ஆசை அண்ணாவுக்கு,

கேட்டபடி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். ஆனால் பாதியில் கை நின்றுவிட்டது. செபமாலை ஊதுவது இரண்டாம் ட்ரம்பெட். மேல் சுரங்கள் எல்லாம் உங்களுடையவை, ஒருவருக்கும் விட்டுக்கொடுக்காதவை. கடலால் வந்த கையோடு ஒரு மணித்தியாலம் விடாமல் ஊதுகிற ஆள், நாலு வரிக்கு ஒருமுறை ஓய்வு கேட்கிறீர்கள். போன கிழமை போனில் கதைத்தபோதும் சில சொற்கள் சரியாக வரவில்லை. பல்வலி என்று நினைத்தேன்.

அண்ணா, உங்கள் வாய்க்கு என்ன? எனக்குப் பயமாக இருக்கிறது. உடனே எழுதுங்கோ.

மது


பேசாலை
05.02.2025

மது,

உன்னிடம் மறைக்க முடியவில்லை. கீழுதட்டின் உள்பக்கம் ஒரு புண், ட்ரம்பெட் வைக்கும் அதே இடத்தில். ஆவணியில் வந்தது, ஆறவில்லை. ஊதி ஊதித் தோல் உரிந்தது என்றிருந்தேன். மார்கழியில் வெள்ளையாகத் தடித்துவிட்டது. புகையிலை போட்ட வாய்தானே.

"மன்னாருக்கு வலை வாங்கப் போறன்" என்று எடித்திடம் பொய் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். சின்னத் துண்டு வெட்டி எடுத்தார்கள். முடிவை உறையில் ஒட்டி, "பெரிய டொக்டரிட்டக் காட்டுங்கோ" என்று தந்தார்கள். பதினொரு நாளாக அது ட்ரம்பெட் பெட்டிக்குள் கிடக்கிறது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அதைப் பார்க்காமல் ட்ரம்பெட்டை எடுத்துவிடுகிறேன். எஞ்சின் நின்று இரண்டு நாள் கடலில் அலைந்தபோதுகூட நான் இப்படிப் பயந்ததில்லை.

எடித்திடம் சொல்லாதே. தன் தகப்பன் இப்படி வாயில் புண் வந்தே போனதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள். பெரிய வெள்ளி வரைக்கும் ஊதவிடு, பிறகு பார்ப்போம். மெட்டை இன்னும் கொஞ்சம் இறக்கித் தா.

அண்ணன்


மட்டக்களப்பு
10.02.2025

அண்ணா,

இறக்கித் தரமாட்டேன். நான் இறக்கிக்கொண்டே போக, நீங்கள் அந்தப் புண்ணோடு ஊதிக்கொண்டே போவீர்கள். இதுவரை தெரியாமல் செய்தேன், தெரிந்து செய்யமாட்டேன். பெரிய வெள்ளிப் பாட்டை மூன்று பேருக்கு மாற்றி எழுதியிருக்கிறேன். மெட்டு செபமாலைக்கு.

பிள்ளைகள் "ஏன் டீச்சர் அழுறீங்கள்?" என்று கேட்க, வகுப்பை விட்டு வெளியே வந்து இதை எழுதுகிறேன். உறையை அண்ணியிடம் கொடுங்கோ. ஞாயிற்றுக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் நானே அவவிடம் சொல்லுவேன். பிறகு நீங்கள் என்னோடு கதைக்காமல் விட்டாலும் சரி.

மது


பேசாலை
20.02.2025

அன்புத் தங்கச்சிக்கு,

உன் கடிதம் கண்டு இரண்டு நாள் கோபத்தோடு திரிந்தேன். மூன்றாம் நாள், எடித் சோறு போடும்போது உறையைக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தேன். அவள் அதைத் தொடவில்லை.

"எப்ப சொல்லுவீங்களெண்டு பாத்துக்கொண்டிருந்தனான்" என்றாள்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"மூண்டு மாசமாச் சொதிக்குப் பச்சை மிளகாய் போடேல்ல. ஏனெண்டு ஒருநாளாவது கேட்டனீங்களோ?"

கேட்டால் உண்மையாகிவிடும் என்று அவளும் பயந்து வாய் திறக்கவில்லையாம். அன்றைக்கு இருவரும் சாப்பிடவில்லை.

யாழ்ப்பாணம் போய்க் காட்டினோம். புற்றுநோய்தான். கழுத்துக்குப் பரவவில்லையாம். அடுத்த மாதம் நாலாந் திகதி வெட்டுகிறார்கள். உதட்டில் மூன்றில் ஒரு பங்கு போகும், இனி ட்ரம்பெட் இல்லை. "உயிருக்குப் பயப்பிடாதேங்கோ" என்றார் டொக்டர். பயப்படாமல் இருக்க முடியவில்லை.

போனில் சொன்னால் அழுதுவிடுவேன், அதனால்தான் எழுதுகிறேன். மூன்றாந் திகதியே வந்துவிடு, மது. என்னை உள்ளே கொண்டுபோன பிறகு எடித் வெளியில் தனியே இருக்கக் கூடாது.

உன்
அண்ணன்