குவாசாருக்குப் பக்கத்தில் தெரிந்த புள்ளி

ஆம்பூர்
23-11-1969

அன்பு மகள் பங்கஜத்துக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் இருக்கிறோம், சுகம் என்றே வைத்துக்கொள். நீ படிக்கப் போன அந்த அயல்தேசத்துக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வரக்கூடாது என்று தினமும் விளக்கேற்றும்போது கேட்டுக்கொள்கிறேன். அப்பாவுக்கு இருமல் முன்னைக்குக் கம்மி, விரல் புண்தான் ஆறவில்லை, இருபத்தெட்டு வருஷம் தோல் பதனிடுகிற டேனரியில் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறின கை, வேலையை விட்டு வீட்டோடு உட்கார்ந்த பிறகும் அப்படியே இருக்கிறது. கார்த்திகை பிறந்தும் மழை இல்லை, பாலாற்றில் மணல்தான் ஓடுகிறது. எனக்கு கிளினிக் இருட்டறையில் எக்ஸ்ரே பிலிம் கழுவி நின்று நின்று சாயங்காலமானால் கால் வீங்கிவிடுகிறது, வயசு என்று விட்டுவிட்டேன்.

போன கடிதத்தில் உன்னைத் திட்டி எழுதிவிட்டேன். உன் கடிதம் வந்த அன்றே ஆத்திரத்தில் எழுதிப் போட்டது. அதற்கு முன்னால் நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன் பங்கஜம், படிக்காமல் திட்டவில்லை. குவாசார் என்பது பார்வைக்கு நட்சத்திரம் மாதிரி இருக்கும், ஆனால் நட்சத்திரம் இல்லை, வெளிச்சம் வந்து சேரவே இருநூறு கோடி வருஷம் ஆகிற தூரத்தில் இருக்கிறது, அதைத்தான் நீங்கள் கிட்டத்துக் குவாசார் என்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். டெலஸ்கோப்பில் எடுத்த போட்டோ பிளேட்டில் அதைச் சுற்றி மங்கலாகத் தெரிகிற ஒவ்வொரு புள்ளியும் ஒரு நட்சத்திர மண்டலம், அவை நிஜமாகவே குவாசாருக்குத் துணையாக அங்கே இருக்கின்றனவா, இல்லை வேறெங்கோ இருந்துகொண்டு நம் கண்ணுக்குத்தான் பக்கத்தில் தெரிகின்றனவா என்பது கேள்வி, வெளிச்சம் எவ்வளவு சிவப்புப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று பார்த்துத் தூரத்தைக் கண்டுபிடிப்பீர்கள், அது வரைக்கும் எனக்குப் புரிந்தது. உன் புரொபசர் ஆறு புள்ளியும் துணைதான் என்று பெரிய சபையில் சொல்லிவிட்டார். நீ அதில் இரண்டை அளந்தாய், ஒன்று குவாசார் இருக்கிற தூரத்திலேயே இருந்தது, இன்னொன்று பாதி தூரத்தில்கூட இல்லை. அதை அவரிடம் சொன்னாய், அவர் அடுத்த வருஷம் ஸ்காலர்ஷிப்புக்குச் சிபாரிசு எழுதமாட்டேன் என்றுவிட்டார். அதற்குத்தான் திட்டினேன். இருநூறு கோடி வருஷம் பேசாமல் இருந்ததை நீ இன்னும் இரண்டு வருஷம், படிப்பு முடிகிற வரைக்கும், பேசாமல் வைத்திருக்கக் கூடாதா என்று எழுதினேன்.

அந்தக் கடிதத்தைப் போட்ட மூன்றாம் நாள், வியாழக்கிழமை, மக்பூல் அகமது என்று ஒருவர் மார்பு எக்ஸ்ரேவுக்கு வந்தார். அப்பா வேலை செய்த டேனரியில்தான் மெஷினில் நிற்கிறார், நாற்பது வயசு இருக்கும். இருமல் ஜாஸ்தி என்று ஒரு மாசமாக வேலைக்குச் சேர்க்கவில்லை, டாக்டரிடம் சீட்டு வாங்கி வா என்று அனுப்பியிருக்கிறார்கள். நல்லாத்தாம்மா இருக்கேன், சீட்டு குடுத்தா போதும் என்று என்னிடமே இரண்டு தடவை சொன்னார். நான் பிலிமைக் கழுவிக் காயவைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வலது பக்கம் மேலே ஒரு சின்ன மங்கல். எங்கள் சின்ன டாக்டர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, தண்ணிக் கறைம்மா, சரியாக் கழுவலை நீ என்றார். சரி சார் என்று சொல்லிவிட்டு இருட்டறைக்குத் திரும்பினேன், பதினாலு வருஷமாக அப்படித்தான் சொல்கிறேன். ஆனால் தண்ணீர்க் கறை என்றால் பிலிமுக்கு மேலே இருக்கும், சாய்த்தால் பளபளக்கும். இதை நான் வெளியே வரும்போதே சாய்த்துப் பார்த்திருந்தேன், பளபளக்கவில்லை.

கதவுவரை போனவள் நின்றேன். உன் நினைப்புதான் வந்தது, அதை மறைப்பானேன். திரும்பிப் போய், இது கறை இல்ல சார், இன்னொரு படம் எடுத்துப் பாருங்க என்றேன். எனக்கே என் குரல் வேறு யாருடையதோ மாதிரி இருந்தது. அவர் முகம் சிவந்துவிட்டது. மக்பூல் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே, இன்னாம்மா இது பேஜாரு என்று என்னைப் பார்த்தார். டாக்டர் கோபத்தோடுதான் இரண்டாவது படம் எடுத்தார். அதிலும் அதே இடத்தில் இருந்தது. காசநோய். வேலூரில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள், ஆறு மாசம் ஆகுமாம், மருந்து சாப்பிட்டால் குணமாகிவிடும் என்கிறார்கள்.

நான் செய்தது நல்லது என்று யாரும் சொல்லவில்லை. டாக்டர் என்னோடு பேசுவதில்லை, பிலிமை மேஜையில் வைத்துவிட்டுப் போகிறார், இந்த மாசத்தோடு நிற்கச் சொல்வார் என்றுதான் நினைக்கிறேன். புதன்கிழமை மக்பூல் சம்சாரம் ஹலீமா பீ வீடு தேடி வந்தாள். கூச்சல் போடவில்லை. ஏம்மா, நீ கம்முனு இருந்திருந்தா அவரு திங்கக்கிழமை வேலைக்குப் போயிருப்பாரு, நாலு பசங்கள வச்சுக்கினு நான் இன்னா செய்வேன் என்று கேட்டாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. அவள் போன பிறகுதான் எனக்கு வேறு நினைப்பு வந்தது, இதற்கு முன்னால் எத்தனை பேருடைய பிலிமில் கறை என்று டாக்டர் சொல்லக் கேட்டுவிட்டு சரி சார் என்று வந்திருப்பேன் என்று. அந்தக் கணக்கு எனக்குத் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. அதுதான் என்னை உட்காரவிடவில்லை.

ஆகையால் உனக்கு நான் புத்தி சொல்ல வரவில்லை, அதற்குத் தெம்பும் இல்லை. நீ சொன்னது சொன்னதுதான். வேறு காலேஜில் இடம் கிடைத்தால் இருந்து முடி. கிடைக்காவிட்டால் வந்துவிடு, ஊர் கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். மீதி நாலு புள்ளியையும் யாராவது அளப்பார்கள், அது நீயாக இருந்தால் எனக்குச் சந்தோஷம். தலைக்கு எண்ணெய் வைக்காமல் இருக்காதே. ரொட்டியைத் தின்றுவிட்டுச் சோறு தின்றேன் என்று எழுதாதே, எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை அப்பாவுக்கு முழுக்கப் படித்துக் காட்டினேன். புரொபசரைப் பற்றியோ ஸ்காலர்ஷிப்பைப் பற்றியோ அவர் ஒன்றும் கேட்கவில்லை. விரல் புண்ணில் எண்ணெய் தடவிக்கொண்டே, அங்க பங்கஜத்துக்குப் பக்கத்துல யாரு இருக்காங்க என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மற்றதற்கெல்லாம் மெதுவாக எழுது, இதற்கு மட்டும் உடனே பதில் போடு. பெருமாள் உன்னைக் கைவிடமாட்டார்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோ. தாயாரம்மாள்